மரத்தடியில் பனி ஏன் குறைவு? சியரா நெவாடா காடும் படிந்த பனியும்

ரீனோகுயில் | ஏப்ரல் 6, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்காவில் நெவாடா மாநிலத்து ரீனோவில் பதினோரு வருடமாக இருக்கிறேன். போன ஞாயிறு குடும்பத்தோடு, பக்கத்துச் சியரா நெவாடா மலைத்தொடரில் மவுண்ட் ரோஸ் சாலை வழியாக டாஹோ மெடோஸ் புல்வெளிக்குப் போயிருந்தோம். கிட்டத்தட்ட 2,600 மீட்டர் உயரம். ஏப்ரல் பிறந்தும் புல் கண்ணில் படவில்லை, எங்கே பார்த்தாலும் வெள்ளைதான்.

பிள்ளைகள் சறுக்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள். நான் பனியில் புதையாமல் நடக்கிற வலைச்செருப்பை மாட்டிக்கொண்டு ஓரத்துக் காட்டுக்குள் நுழைந்தேன். கையில் நடைக்கம்பு. சும்மா ஆங்காங்கே குத்திப் பார்த்துக்கொண்டே போனேன். மரங்களுக்கு நடுவே சின்னதாக ஒரு திறப்பு இருந்த இடத்தில் கம்பு கைப்பிடி வரை இறங்கியது, அப்போதும் தரை தட்டவில்லை. நெருக்கமான மரங்களுக்குள் போனதும் முழங்காலுக்கு மேல் இல்லை. ஒரு பெரிய ஃபர் மரத்தின் அடியில் பார்த்தால், தண்டைச் சுற்றிக் கிணறு வெட்டியது போல வட்டக் குழி. எட்டிப் பார்த்தேன். அடியில் ஈர மண், போன வருடத்து ஊசியிலைகள், அணில் கொறித்துப் போட்ட கூம்புச் செதில்கள்.

நான் நினைத்திருந்தது நேர் எதிர். நிழல் இருக்கிற இடத்தில்தானே பனி அதிகம் நிற்க வேண்டும்? ஊரில் பஸ்ஸுக்குப் பின்னால் 'மரம் வளர்ப்போம் மழை பெறுவோம்' என்று படித்து வளர்ந்தவன் நான். பக்கத்து வீட்டுத் தாத்தா வனத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் சொன்னால், "இங்கே மரம் ரொம்ப அதிகம். கொஞ்சம் எடுத்தால் ஆற்றில் தண்ணீர் கூடும்" என்று சொல்லிவிட்டு நாயைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்குத்தான் மண்டை குடைகிறது. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஸ்காபரோ அக்கா | ஏப்ரல் 6, இரவு 10:15

தம்பி, கனடாவில எங்கட பின்வளவிலயும் இதே கதைதான். பெரிய ஸ்புரூஸ் மரத்துக்குக் கீழ ஸ்னோ கொஞ்சமாத்தான் கிடக்கும், அள்ளவே தேவையில்லை. அதுக்காகவே எங்கட மனுசன் காரை அங்க விடுவார். ஒருக்கா கிளையில நிண்டது முழுக்கப் பொத்தெண்டு விழுந்து வைப்பர் முறிஞ்சதுதான் மிச்சம். விழாமல் மரத்திலயே நிக்கிறது பிறகு எங்க போகுது எண்டு எனக்கும் விளங்கேல்லை.

நீர்மகள் | ஏப்ரல் 7, காலை 7:05

அக்கா கேட்டதிலிருந்தே தொடங்கலாம். நான் மலை நீரியல் படித்தவள், சியாட்டில் பக்கம் வேலை.

ஊசியிலை மரம் குளிர்காலத்திலும் இலை உதிர்க்காது. விழுகிற பனியில் நிறைய கிளையிலேயே தங்கிவிடும். ஓரிகானில் அம்ப்குவா வனத்தில் அளந்து பார்த்திருக்கிறார்கள். விழுந்ததில் 60 சதவீதம் வரை மரம் பிடித்துக்கொள்கிறது. தண்ணீர்க் கணக்கில் சொன்னால் ஒரு சமயத்தில் 40 மில்லிமீட்டர் வரை மரத்தின் மேலேயே நிற்கிறது. ஒரு நல்ல மழை நாளின் தண்ணீர் முழுக்க ஆகாயத்தில் தொங்குகிற மாதிரி.

அப்படித் தொங்குகிற பனிக்கு மூன்று வழி உண்டு. மொத்தமாகச் சரிந்து விழலாம் (அக்காவின் வைப்பர்). உருகிச் சொட்டலாம். மூன்றாவது, தண்ணீர் ஆகாமலே நேராக ஆவியாகிவிடலாம். பள்ளிக்கூடத்தில் கற்பூரத்தை வைத்துப் பதங்கமாதல் என்று சொல்லிக்கொடுத்தார்களே, அதுதான். ஒரு கிலோ பனியை உருக்க 334 கிலோஜூல் போதும். நேராக ஆவியாக்க ஏறக்குறைய 2,800 வேண்டும், எட்டு மடங்குக்கும் மேல். தரையில் கிடக்கிற பனிக்கு அவ்வளவு சுலபமாக அது கிடைக்காது. கிளையில் நிற்கிற பனிக்கு மேலும் கீழும் பக்கவாட்டிலும் காற்றுப் படுகிறது, துணி உலர்த்தின மாதிரி. கனடாவின் உள்நாட்டுக் காடுகளில், குளிரும் வறட்சியும் சேர்ந்த இடங்களில், ஒரு பருவத்தில் விழுவதில் மூன்றில் ஒரு பங்குவரைகூட இப்படிக் காற்றோடு போய்விடும்.

சியராவில் கதை கொஞ்சம் வேறு. அங்கே பசிபிக்கிலிருந்து வருவது ஈரமான, கனமான பனி. ஒட்டிக்கொள்ளும், ஆனால் வெயில் வந்ததும் சொட்டியோ சரிந்தோ கீழே வந்துவிடும். ஆவியாகும் பங்கு குறைவு. அதனால் உங்கள் ஃபர் மரத்தடிக் கிணற்றுக்கு இது ஒன்று மட்டும் காரணம் ஆகாது. மிச்சத்தை இரவு எழுதுகிறேன், மீட்டிங் இருக்கிறது.

வனத்தான் | ஏப்ரல் 7, மதியம் 1:30

மன்னிக்கணும், இந்த மாதிரி பேச்சைக் கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. "மரத்தை எடுத்தால் தண்ணீர் கூடும்" என்பது மரம் வெட்டுகிறவர்கள் எந்த நாட்டிலும் பாடுகிற பாட்டு. காடு இல்லாத மலையில் மண் நிற்குமா? உருகுகிற தண்ணீர் ஒரே மூச்சில் இறங்கிக் கீழே இருப்பவனை அடிக்காதா? பக்கத்து வீட்டுத் தாத்தா எந்தக் காலத்து வனத்துறை என்று விசாரித்தீர்களா? மரத்தை டன் கணக்கில் எடை போட்ட காலத்து ஆளாக இருக்கும்.

நீர்மகள் | ஏப்ரல் 7, இரவு 8:50

வனத்தான் சார், கோபம் புரிகிறது, அதற்கும் வருகிறேன். முதலில் கிணற்றை முடித்துவிடுகிறேன்.

பனி வெள்ளையாக இருப்பது நம் கண்ணுக்குத்தான். புதிதாக விழுந்த பனி வெயிலில் 80 முதல் 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிருக்கு, அதாவது அடுப்புப் பக்கம் உட்கார்ந்தால் கன்னத்தில் உறைக்கிறதே அதற்கு, பனி கரிக்கட்டை மாதிரி. வருவதை எல்லாம் வாங்கிக்கொள்ளும்.

சுழியம் டிகிரியில் இருக்கிற பனி சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 315 வாட் வெப்பத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. வெட்டவெளியில் அதற்கு மேலே தெளிந்த குளிர்கால வானம். அந்த வானம் திருப்பித் தருவது 200-க்குச் சற்று மேல்தான். பனிக்கு ராத்திரி முழுக்க நஷ்டம், அதனால் இறுகி உறைகிறது. காட்டுக்குள் வானத்துக்குப் பதில் மரம். அதே சுழியம் டிகிரியில் இருக்கிற கிளை அதே 315 வாட்டைத் திருப்பித் தந்துவிடுகிறது. நஷ்டமே இல்லை. பகலில் வெயில் பட்டுத் தண்டு சூடானால் லாபம் வேறு. சதுர மீட்டருக்கு 100 வாட் உபரியாக ஒரு நாள் முழுக்கக் கிடைத்தால், உருகும் நிலையில் இருக்கிற பனியில் 26 மில்லிமீட்டர் தண்ணீர் ஓடிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஆக அந்த ஃபர் மரம் மேலே விழுந்ததைத் தடுத்தது, தண்டிலிருந்து வெப்பம் வீசிச் சுற்றிலும் உருக்கியது. போதாததற்கு ஊசியிலையும் பட்டைத் தூளும் உதிர்ந்து பனியை அழுக்காக்கி, வெயிலையும் அதிகம் குடிக்க வைத்தது.

சரி, நிழல் எங்கே போயிற்று? நிழல் உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் வெயில் ஏறி, பனியும் பழையதாகி மங்கிப்போன பிறகு நிழல்தான் பெரிய காவல். குளிர்காலத்தில் கம்பளி, கோடையில் குடை என்று மரம் இரண்டு வேலையும் பார்க்கிறது. எந்த வேலை ஓங்கும் என்பது இடத்துக்கு இடம் மாறும்.

குன்னூர்க்காரன் | ஏப்ரல் 8, காலை 6:30

நீர்மகள் எழுதியதைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். எங்கள் நீலகிரியில் ஸ்னோ கிடையாது, ஆனால் டிசம்பர், ஜனவரியில் உறைபனி உண்டு. ஊட்டிக்குப் பக்கம் தலைக்குந்தாவில் விடிகாலை போனால் புல்வெளி உப்புத் தூவினது போல வெளுத்திருக்கும். ஆனால் புல்வெளியை ஒட்டிய சோலைக்காட்டுக்குள் நுழைந்தால் தரையில் ஒரு பொட்டு வெள்ளை இருக்காது. அதே குளிர், அதே உயரம், நாலு அடி தூரம். வாடகைக் கார் ஓட்டுகிற எல்லோருக்கும் இது தெரியும்: ராத்திரி வண்டியை மரத்தடியில் விட்டால் காலையில் கண்ணாடி சுரண்ட வேண்டாம்.

தாவரவியல் பூங்காவில் நாற்றுகளை மிலார் செடிகளைப் போட்டு மூடி வைப்பதும் இதற்குத்தான். மூடாக்கு குளிரைத் தடுக்கிறது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். வானத்தைப் பார்க்க விடாமல் மறைக்கிறது என்று இப்போதுதான் உறைத்தது. சோலை மரக் கன்றுகள் புல்வெளியில் ஏன் ஏறி வருவதில்லை என்பதற்கும் உறைபனியை ஒரு காரணமாகச் சொல்வார்கள்.

நீர்மகள் | ஏப்ரல் 8, காலை 7:20

அதே இயற்பியல்தான், குன்னூராரே! உங்கள் உதாரணத்தை வகுப்பில் எடுத்துக்கொள்ளலாமா?

சொல்வேட்டை | ஏப்ரல் 8, காலை 10:05

இழைக்குத் தொடர்பில்லாத ஒரு முணுமுணுப்பு. நமக்குப் பனித்துளியும் பனி, மூடுபனியும் பனி, உறைபனியும் பனி, இப்போது இதுவும் பனி. முன்பனிக்காலம், பின்பனிக்காலம் என்று பருவத்துக்கே பெயர் வைத்தவர்கள், ஆனால் தரையில் அடுக்கடுக்காக ஆறு மாதம் கிடக்கிற ஒன்றைப் பார்க்காதவர்கள். ஸ்னோபேக் என்பதற்கு 'படிபனி' எப்படி?

ஸ்காபரோ அக்கா | ஏப்ரல் 8, காலை 10:40

படிபனி வடிவாத்தான் இருக்கு. ஆனா அள்ளுறவைக்கு அது ஸ்னோதான்.

டென்வர் பையன் | ஏப்ரல் 8, மாலை 5:45

வனத்தான் அண்ணாவுக்கு ஒரு தகவல். வெட்டிப் பார்த்து, வருடக்கணக்கில் அளந்தே வைத்திருக்கிறார்கள். கொலராடோவில் ஃப்ரேசர் ஆராய்ச்சிக் காடு என்று ஒன்று இருக்கிறது, 1937-இல் தொடங்கியது. அங்கே ஃபூல் க்ரீக் என்ற ஓடையின் வடிநிலத்தில் 1950-களின் நடுவில் 40 சதவீதப் பரப்பை வெட்டினார்கள். மொட்டையாக அல்ல, ஒரு பட்டை வெட்டு, ஒரு பட்டை காடு என்று மாற்றி மாற்றி. பக்கத்து ஓடையைத் தொடாமல் விட்டு, இரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டே வந்தார்கள். ஓடையில் தண்ணீர் ஏறத்தாழ 40 சதவீதம் கூடியது. 30 வருடம் கழித்துப் பார்த்தபோதும் கூடுதல் முழுக்க மறையவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், பனி கூடியது சுமார் 9 சதவீதம்தான். அப்புறம் 40 எங்கிருந்து வந்தது? கோடையில் குடிக்க மரம் இல்லாததால் மண்ணிலேயே ஈரம் தங்கிவிட்டது. அடுத்த வசந்தத்தில் உருகுகிற தண்ணீருக்கு மண்ணை நனைக்கிற வேலை இல்லை, நேராக ஓடைக்குப் போகிறது. எனவே பனியும் தண்ணீரும் ஒன்று என்று நினைத்துப் பேசினால் இரண்டு பக்கமும் தப்பாகும்.

ரீனோகுயில் அண்ணா, இன்னொன்று. அந்த மரக்கிணற்றை எட்டிப் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். புதுப்பனிக் காலத்தில் அதற்குள் தலைகீழாக விழுந்து மூச்சுமுட்டிச் செத்த ஸ்கீ ஆட்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. மேலே பனி மூடியிருக்கும், உள்ளே தளர்வாக இருக்கும், கை ஊன்ற இடம் கிடைக்காது. பிள்ளைகளை மரத்துப் பக்கம் விடாதீர்கள்.

தீபன்99 | ஏப்ரல் 8, மாலை 6:10

அப்படின்னா மொத்தமா மொட்டை அடிச்சுட்டா இன்னும் நிறைய பனி நிக்குமே ப்ரோ?

டென்வர் பையன் | ஏப்ரல் 8, மாலை 6:30

நிற்காது தம்பி. காற்று வாரிக்கொண்டு போய்விடும். கனடாவில் ஆல்பெர்ட்டாவின் ஜேம்ஸ் ரிவர் பகுதியில் பல அளவில் வட்டத் திறப்புகள் வெட்டிப் பார்த்தார்கள். மர உயரத்தைப் போல இரண்டு, மூன்று மடங்கு அகலம் உள்ள திறப்பில்தான் பனி அதிகம் சேர்ந்தது. அதற்கு மேல் அகலமாக்கினால் காற்று உள்ளே இறங்கிச் சுரண்ட ஆரம்பிக்கிறது, வெயிலும் தரை வரை வருகிறது.

ரீனோகுயில் | ஏப்ரல் 9, இரவு 11:20

டென்வர் தம்பி, எச்சரிக்கைக்கு நன்றி. மனைவியும் படித்துவிட்டார், இனிமேல் காட்டுக்குள் தனியாகப் போகத் தடை.

உங்கள் எல்லோர் புண்ணியத்தில் இன்று நூலகத்தில் உட்கார்ந்து தேடினேன். தட்டுப்பட்டது வேறு யாரும் இல்லை, எங்கள் ஊர்க்காரர்! ஜேம்ஸ் எட்வர்ட் சர்ச். ரீனோ பல்கலைக்கழகத்தில் 1892 முதல் லத்தீன் வாத்தியார். பனிக்கும் அவர் பாடத்துக்கும் சம்பந்தமே கிடையாது. 1895-இல் குளிர்காலத்தில் மவுண்ட் ரோஸ் உச்சிக்கு ஏறினார், பிறகு அந்த மலை அவரை விடவில்லை. 1905 வாக்கில் உச்சியிலேயே வானிலைக் கூடம் போட்டார். பனியை அளக்க ஒரு குழாய் செய்தார். இன்றைக்கும் அமெரிக்காவில் கையால் அளக்கிறவர்கள் கையில் இருப்பது அந்தக் குழாயின் வாரிசுதான்.

அந்தக் குழாயைப் பற்றிப் படித்தபோது ஆளுக்கு ஒரு கும்பிடு போடத் தோன்றியது. நுனியில் ரம்பப் பல் வைத்த நீளக் குழாய். பனிக்குள் திருகி இறக்கி, அடியில் மண் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மண் வந்தால்தான் தரை தொட்டதாக அர்த்தம். அந்த மண்ணைச் சுரண்டி எறிந்துவிட்டு, குழாயோடு தராசில் தொங்க விட்டு, வெறும் குழாயின் எடையைக் கழிக்க வேண்டும். இப்போது புழங்குகிற குழாயின் வாய் 1.485 அங்குலம். ஏன் இந்தக் கோணல் எண் என்றால், அந்த அகலத்தில் ஒரு அவுன்ஸ் பனி என்பது ஓர் அங்குலத் தண்ணீருக்குச் சமம்! கணக்கே வேண்டாம், தராசு முள் காட்டுவதுதான் விடை.

டாஹோ ஏரி வசந்தத்தில் எவ்வளவு உயரும் என்று முன்கூட்டியே சொல்லத்தான் சர்ச் இதையெல்லாம் செய்தார். போகிற போக்கில் காட்டையும் பார்த்தார். அடர்ந்த காட்டுக்குள் பனி குறைவு, வெட்டவெளியில் காற்று கொண்டுபோகிறது, நடுவே திறப்புகள் உள்ள காட்டில்தான் பனி நின்று நிலைக்கிறது என்று நூறு வருடத்துக்கு முன்பே எழுதிவிட்டார். காடு தேனடை மாதிரி இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. திறப்பின் அகலம் மர உயரத்துக்குத் தகுந்த மாதிரி, காற்றும் வெயிலும் அடி தொடாத அளவுக்கு.

பல்கலைக்கழகத்தில் நுண்கலைக் கட்டடத்துக்கு அவர் பெயர். அதன் அடிக்கல்லில் அவருடைய அஸ்தியும் மனைவியின் அஸ்தியும் இருக்கின்றனவாம். என் மகள் வாராவாரம் பாட்டுக் கச்சேரி கேட்கப் போகிற கட்டடம். இத்தனை நாள் ஏதோ தேவாலயம் சம்பந்தப்பட்ட பெயர் என்றுதான் நினைத்திருந்தேன்.

வனத்தான் | ஏப்ரல் 10, காலை 9:00

தேனடைக் காடு, ஒத்துக்கொள்கிறேன், அழகான பேச்சு. ஆனால் தேனடை யார் செய்வது? யந்திரம் உள்ளே போக ரோடு போடுவான். ரோட்டு மண் ஓடையில் இறங்கும். பெரிய மரத்துக்குத்தான் விலை, அதனால் எடுக்க வேண்டிய குச்சி மரத்தை விட்டுவிட்டுப் பெரியதை எடுப்பான். ஃபூல் க்ரீக் ஆராய்ச்சிக்காரர்கள் கையில் இருந்த ஓடை. எல்லா மலையும் அவர்கள் கையில் இல்லை.

அப்புறம் தீ. 2021-இல் கால்டர் தீ சியரா முகட்டையே தாண்டி டாஹோ பக்கம் வந்தது. அங்கே இப்போது மரமே இல்லாமல் கருங்குச்சிகள் நிற்கின்றன. உங்கள் வாதப்படி அங்கே பனி பொங்கி வழிய வேண்டுமே?

நீர்மகள் | ஏப்ரல் 10, இரவு 9:15

வனத்தான் சார், ரோடு விஷயத்தில் உங்கள் பக்கம் நான். அதை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

தீக்கு வருகிறேன். எரிந்த காட்டில் கிளை இல்லை, அதனால் தரைக்கு வரும் பனி கொஞ்சம் கூடும். ஆனால் நிற்காது. ஓரிகானில் 2011-இல் ஷேடோ லேக் தீ எரித்த இடத்தில் அளந்தார்கள். கருகிய பட்டையும் கரித்துகளும் குளிர்காலம் முழுக்கப் பனி மேல் உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. பனியின் எதிரொளிப்பு 40 சதவீதம் குறைந்துவிட்டது, நிழலும் போய்விட்டது. பக்கத்தில் எரியாத காட்டைவிட 23 நாள் முன்பே பனி தீர்ந்தது. மூன்று வாரம்! மலையடிவாரத்தில் அணைக்கட்டை வைத்துக்கொண்டு ஜூன் தண்ணீருக்குக் காத்திருப்பவருக்கு அது மே மாதமே வந்து நின்றால் என்ன செய்வார்?

ஆனால் அதே தீ வேறு விதமாகவும் எரியும். கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் இல்லிலுவெட் க்ரீக் என்ற வடிநிலத்தில் 1970-களின் தொடக்கத்திலிருந்து மின்னல் தீயை அணைக்காமல் விட்டுவருகிறார்கள். சின்னச் சின்னத் தீ, அடிக்கடி. அங்கே காட்டின் பரப்பு ஏறத்தாழ கால்பங்கு குறைந்தது, நடுநடுவே புல்வெளியும் சதுப்பும் வந்தன. தேனடையை யார் செய்வது என்று கேட்டீர்களே, அங்கே யந்திரமும் போகவில்லை, ரோடும் போடவில்லை.

சியரா இப்போது இருக்கிற அடர்த்தி அதன் இயல்பே இல்லை. டாஹோவைச் சுற்றி வாழ்ந்த வாஷோ மக்கள் தாங்களே தீ வைத்துக் காட்டைப் பேணியவர்கள். அவர்களை அகற்றினார்கள். பிறகு 1935-இல் அமெரிக்க வனத்துறை, எந்தத் தீயையும் மறுநாள் காலை பத்து மணிக்குள் அணைத்தே ஆக வேண்டும் என்று விதி போட்டது. எரிந்து போயிருக்க வேண்டிய கன்றெல்லாம் வளர்ந்து இன்று நெருக்கியடித்து நிற்கிறது. நம் ஊரில் சோளம் தெளித்தால் நெருக்கமாக முளைத்ததைக் கலைத்து விடுவார்கள் இல்லையா? இங்கே நூறு வருடமாகப் பயிர் கலைக்கவில்லை.

சாக்ரமெண்டோ பாண்டி | ஏப்ரல் 11, காலை 8:25

நான் கீழே இருந்து பில் கட்டுகிறவன். கலிஃபோர்னியாவின் தண்ணீரில் 30 சதவீதம் போல சியரா பனியிலிருந்து வருகிறது. 2015 ஏப்ரல் 1-ஆம் தேதி ஆளுநர் ஜெர்ரி பிரவுன் பனி அளக்கப் போய் ஃபிலிப்ஸ் ஸ்டேஷனில் காய்ந்த புல்லில் நின்றாரே, ஞாபகம் இருக்கிறதா? மாநிலம் முழுக்கச் சராசரியில் 5 சதவீதம். 2023-இல் அதே தேதிக்கு 237 சதவீதம். இப்படி ஆடுகிற மலையில் காட்டைக் கலைத்து என்ன பெரிதாக மாறிவிடப் போகிறது? வானம் கொடுத்தால் உண்டு.

நீர்மகள் | ஏப்ரல் 11, இரவு 10:00

பாண்டி சார், வானம் கொடுக்காததைக் காடு கொடுக்காது, நிஜம். கொடுத்ததை எத்தனை நாள் பிடித்து வைக்கும் என்பதில்தான் காட்டுக்குக் கை இருக்கிறது.

ஃபிலிப்ஸ் ஸ்டேஷன் பேச்சு வந்ததால் ஒன்று சொல்ல வேண்டும். கையால் அளக்கிற இடங்களும் தானியங்கி நிலையங்களும் பெரும்பாலும் திறந்த வெளியிலோ காட்டுத் திறப்பிலோதான் இருக்கின்றன. மரத்தடியில் எவ்வளவு இருக்கிறது என்று வெகுகாலம் யாரும் சரியாக அளக்கவில்லை. 2013-இல் நாசா ஜெட் உந்து ஆய்வகத்தினர் டுவாலமி வடிநிலத்துக்கு மேல் விமானத்தில் லைடார் (லேசர் ஒளியால் தூரம் அளக்கிற கருவி) வைத்துப் பறந்த பிறகுதான், மலை முழுக்கப் பனியின் ஆழம் படமாகக் கிடைத்தது. திறப்பில் மேடு, மரத்தடியில் பள்ளம், ரீனோகுயில் கம்பால் குத்திப் பார்த்தது அப்படியே.

அதே 2013-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்து ஜெசிகா லுண்ட்குவிஸ்ட் குழு உலகம் முழுக்க இருந்த அளவுகளைச் சேர்த்து ஒரு கோடு கண்டது. டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி சராசரி வெப்பநிலை மைனஸ் 1 டிகிரிக்கு மேல் இருக்கிற இடங்களில், காட்டுக்குள் இருக்கிற பனி வெட்டவெளிப் பனியைவிட ஒன்று முதல் இரண்டு வாரம் முன்பே தீர்ந்துவிடுகிறது. அதாவது மிதமான குளிர் உள்ள மலையில் கம்பளி ஜெயிக்கிறது. அதைவிடக் குளிர்ந்த மலையில் குடைக்கும் இடம் உண்டு. டாஹோ அந்தக் கோட்டை ஒட்டியே இருக்கிறது, ஏரிக்கரை கோட்டருகில், டாஹோ மெடோஸ் இன்னும் குளிராக. பூமி சூடாக ஆக அந்தக் கோடு மலையில் மேலே ஏறும்.

அதனால் தாத்தா சொன்னதை நான் இப்படித்தான் எடுத்துக்கொள்வேன்: எவ்வளவு மரம் எடுக்கிறோம் என்பதைவிட, எடுத்த இடம் எந்த வடிவில், எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்று கேட்க வேண்டும். ஒரே எண்ணிக்கை மரத்தைப் பரவலாக அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுத்தால் பனிக்குப் பெரிய மாற்றம் இருக்காது. வெயில் உள்ளே வரும், மிச்ச மரம் வெப்பமும் வீசும், இரண்டும் கெட்டான். கொத்தாக எடுத்துத் திறப்பாக விட்டால்தான் சர்ச் சொன்ன தேனடை.

ரீனோகுயில், அடுத்த முறை போனால் திறப்பின் தெற்கு ஓரத்தையும் வடக்கு ஓரத்தையும் பாருங்கள். அப்புறம் ரெட் ஃபர் தண்டில் மஞ்சள் பச்சையாக, பாசி போல ஒரு லைக்கன் படர்ந்திருக்கும். அது எந்த உயரத்தில் தொடங்குகிறது என்றும் பாருங்கள்.

வனத்தான் | ஏப்ரல் 12, காலை 7:40

கொத்தாக, அதுவும் சின்ன மரமாக, ரோடு போடாமல், முடிந்தால் தீயால். இதற்கு நான் கையெழுத்துப் போடுவேன். இந்த நாலையும் ஒன்றாக எழுதித் தரும் டெண்டரை இன்னும் பார்க்கவில்லை.

ரீனோகுயில் | மே 19, இரவு 8:30

ஒரு மாதம் கழித்து வருகிறேன். தடை நீங்கி நேற்று குடும்பத்தோடு போனோம். பெரிய புல்வெளியில் பாதிக்கு மேல் வெறும் தரை, நடுவில் ஓடை சலசலக்கிறது. நெருக்கமான காட்டுக்குள்ளும் தரை தெரிகிறது, கிணறுகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய குட்டைகளாகிவிட்டன. போன முறை கம்பு இறங்கிய அந்தச் சின்னத் திறப்பில் மட்டும் பனி நின்றது. முழுக்க அல்ல. வடக்கு ஓரத்தில், அதாவது தெற்கிலிருந்து வரும் வெயிலை நேராக வாங்குகிற பக்கத்தில், ஈர மண். தெற்கு ஓரத்தில் மர நிழலுக்குள் என் இடுப்பு வரை, ரெண்டு கார் நிறுத்துகிற அளவுக்கு. கை வைத்துப் பார்த்தேன். மேலே ஊசியிலை தூவின அழுக்கு, விரலால் சுரண்டினால் உள்ளே கல்கண்டு மாதிரி பெரிய பெரிய மணி.

லைக்கனையும் பார்த்தேன். என் தலைக்கு மேல் தொடங்குகிறது, அதற்குக் கீழே தண்டு வழித்து வைத்தது போல வெறுமை. குளிர்காலத்தில் பனி அதுவரை நிற்கிறதால்தானே அது கீழே வளர்வதில்லை? மகளை நிற்க வைத்துப் படம் எடுத்தேன், அவள் தலைக்கு மேல் இன்னொரு அவள் நிற்கலாம்.

திரும்பி வந்ததும் தாத்தாவிடம் கேட்டேன், மரம் எடுப்பதென்றால் திறப்பு எவ்வளவு அகலம் வைப்பீர்கள் என்று. அவர் தெரு ஓரத்துப் பைனைக் காட்டினார். "இதை அப்படியே கீழே படுக்க வைத்துப் பார். நுனி எதிர்ப்பக்க மரத்தைத் தொட்டால் சரி. தொட்ட பிறகும் இன்னொரு மரம் படுக்க இடம் இருந்தால் அதுவும் சரி. அதற்கு மேல் போனால் காற்றுக்குத்தான்." சர்ச் என்ற பெயரை அவர் கேள்விப்பட்டதே இல்லையாம்.

ஸ்காபரோ அக்கா | மே 19, இரவு 9:05

பிள்ளை லைக்கனுக்குக் கீழ நிக்கிற படத்தைப் போடுங்கோ தம்பி. எங்கட மனுசனுக்குக் காட்டோணும்.